ஒரே மேசையில் இரண்டு கோவைகள்

(கிளிநொச்சியில் உயர்தர மாணவரும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வவுனியா மேல் நீதிமன்றத்தில் 2013ஆம் ஆண்டு தாக்கல் செய்யப்பட்ட ஆட்கொணர்வு மனுக்களிலிருந்து தொடங்குகிறேன். 2009 மே 18ஆம் திகதி, முல்லைத்தீவு வட்டுவாகலில், அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்புடன் சேர்ந்து பலர் இராணுவத்திடம் சரணடைந்தார்கள். உறவினர்களின் கண்முன்னே பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். அதன்பின் அவர்களைக் கண்டவர் இல்லை. அவர்களில் ஒருவர், விடுதலைப் புலிகளின் திருகோணமலை மாவட்ட அரசியற்துறைப் பொறுப்பாளராக இருந்த எழிலன். அவருடைய மனைவி அனந்தி சசிதரனும் வேறு குடும்பங்களும்தான் அந்த மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். “இராணுவத்திடம் ஒப்படைத்த எங்கள் ஆட்களை மன்றில் கொண்டுவந்து நிறுத்துங்கள்” என்பதுதான் மனுவின் சாரம்.

அந்த மனுக்களுக்கு மறுமொழி சொல்ல மன்றில் எழுந்து நின்றவர்கள் யார்? இராணுவத் தளபதி நேரில் வந்து வாதாடவில்லை. அவருக்காக அரச சட்டவாதிகள் எழுந்தார்கள். அவர்கள் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் சட்டமா அதிபர் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள்.

வன்னியில் இருக்கும் நமக்கு சட்டமா அதிபர் என்ற பெயர் புதிதல்ல. பத்திரிகையில் நாளாந்தம் வாசிக்கிறோம். “கோவை சட்டமா அதிபருக்கு அனுப்பப்பட்டுள்ளது”, “சட்டமா அதிபரின் ஆலோசனை கிடைக்கவில்லை, வழக்கு அடுத்த தவணைக்கு ஒத்திவைக்கப்பட்டது.” தவணைக்குத் தவணை பஸ் ஏறி நீதிமன்றம் போய் வருகிறவர்கள் இந்த இரண்டு வரிகளையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கதிரையில் இருப்பவர் யாருக்காகப் பேசுகிறவர், அவருக்கு என்னென்ன அதிகாரம் உண்டு, அவர் நமக்கு என்ன கடமைப்பட்டவர் என்பதைப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை, பத்திரிகையும் விளக்குவதில்லை. அதற்காகத்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டுச் செய்தி வாசிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ‘அட்டர்னி ஜெனரல்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் நாட்டுக்கு நாடு வேலை வேறு. அமெரிக்காவில் அவர் நீதித்துறை அமைச்சின் தலைவர். ஜனாதிபதியின் அமைச்சரவையில் இருப்பவர், அரசியல்வாதி. இங்கிலாந்திலும் அவர் ஆளும் கட்சிக்காரர்தான். ஆனால் அன்றாடக் குற்ற வழக்குகளை நடத்துவதற்கு அங்கே 1986இலிருந்து ஒரு தனி வழக்குத்தொடுநர் சேவை இருக்கிறது. இந்தியாவில் அரசியலமைப்பின் 76ஆம் உறுப்புரையின்படி அவர் மத்திய அரசின் சட்ட ஆலோசகர். தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. பராசரன் 1983 முதல் 1989 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஆனால் மதுரையில் ஒரு கொலை நடந்தால் அதற்கு வழக்கு நடத்துகிறவர் அரசு குற்றவியல் வழக்கறிஞர். டில்லியில் இருப்பவருக்கும் அந்த வழக்குக்கும் தொடர்பில்லை.

இலங்கையில் இந்த வேலைகள் எல்லாமே ஒருவர் கையில் இருக்கின்றன. அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்பவர் அவர். அமைச்சு, திணைக்களம், இராணுவம், பொலிஸ் மீது வழக்கு வந்தால் அவர்களுக்காக வாதாடுகிறவரும் அவரே. பாராளுமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு சட்டமூலமும் அரசியலமைப்புக்கு முரணா என்று 77ஆம் உறுப்புரையின்படி பரிசீலிக்கிறவரும் அவர்தான். உயர் நீதிமன்றத்தில் நடக்கும் அரசியலமைப்பு, அடிப்படை உரிமை வழக்குகள் போன்றவற்றில் அவருக்கு அறிவித்தல் போக வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறது 134ஆம் உறுப்புரை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறவரும் அவரே. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கிறது. தீர்ப்பு வருவதற்கு முன் எந்தக் கட்டத்திலும் “இந்த வழக்கை இனி நடத்தப்போவதில்லை” என்று மன்றுக்கு அறிவித்து நிறுத்திவிடும் அதிகாரத்தையும் அதே சட்டத்தின் 194ஆம் பிரிவு கொடுக்கிறது.

இந்தப் பதவி நேற்று முளைத்ததல்ல. ஆங்கிலேயர் காலத்தில் ‘இராணியின் வழக்கறிஞர்’ என்ற பெயரில் இருந்து, 1880களில் இன்றைய பெயருக்கு வந்தது. அதற்கு அடுத்த படியான மன்றாடியார் நாயகம் பதவியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1892இலிருந்து 1906 வரை இருந்தார். குடியேற்ற ஆட்சியில் அரசும் அரசியும் ஒன்று, வழக்குத்தொடுநரும் அரசியின் ஆள். அன்றைக்கு அந்த ஒழுங்கில் யாருக்கும் முரண் தெரியவில்லை. 1972க்கு முன் குற்ற வழக்கின் தலைப்பே ‘இராணி எதிர் இன்னார்’ என்றுதான் இருக்கும். குடியரசு ஆனபின் இராணி போய்விட்டார், அந்த இடத்தில் சட்டமா அதிபரின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு ‘சட்டமா அதிபர் எதிர் இன்னார்’ என்ற தலைப்பைப் பார்த்து, ஏதோ ஒரு தனிமனிதர் தன் பிள்ளை மீது கோபங்கொண்டு வழக்குப் போட்டிருப்பதாக நினைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அது தனிமனிதர் அல்ல, அம்மா. அரசு முழுவதும் அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கிறது.

சரி, இந்த அதிகாரம் நம்முடைய மண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தது? போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் அரச நீதிமன்றம் இயங்கவில்லை. 1993இலிருந்து விடுதலைப் புலிகளின் நீதிமன்றங்கள்தான் இங்கே இருந்தன. ஆகவே இங்கே வளர்ந்த ஒரு தலைமுறை புதுக்கடை அலுவலகத்தின் பெயரை முதன்முதலாகக் கேட்டது 2009க்குப் பிறகுதான். அதிலும் பலர் கேட்டது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் வழியாக. 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் அது. அதன் 7ஆம் பிரிவின்படி, வழக்கு முடியும்வரை சந்தேகநபரை நீதவான் விளக்கமறியலில் வைத்தாக வேண்டும், சட்டமா அதிபர் சம்மதித்தால் மட்டும் முன்கூட்டி விடுவிக்கலாம். முன்னால் நிற்கிற பிள்ளையை விடுவதா இல்லையா என்பதை அவனைக் கண்ணால் பார்க்கிற நீதவான் முடிவெடுக்க முடியவில்லை. அவனை ஒருநாளும் பார்க்காத ஓர் அலுவலகத்தின் கடிதம் முடிவெடுத்தது. 2022இல் சட்டத்தைத் திருத்திச் சில தளர்வுகள் கொடுத்தார்கள். அதற்குள் எத்தனையோ பேருக்குப் பத்து, பன்னிரண்டு வருடங்கள் சிறைக்குள் போய்விட்டன.

2017இல் நடந்ததை இங்கே பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். வவுனியா மேல் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த வழக்கொன்று, சட்டமா அதிபரின் முடிவின்படி, அனுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சாட்சிகளின் பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வழக்கின் தமிழ்க் கைதிகள் மூவர் அனுராதபுரம் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒக்டோபர் 13ஆம் திகதி வடக்கில் கடையடைப்பு நடந்தது. ஒரு வழக்கை இங்கிருந்து அங்கே மாற்றுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று தெற்கில் சிலர் கேட்டார்கள். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கில் நீதிமன்றப் பதிவுமொழி தமிழ். வவுனியாவில் சாட்சி சொல்வதைக் கைதி தன் காதால் கேட்டு விளங்கிக்கொள்வான், சட்டத்தரணியின் காதில் ஒரு சொல் சொல்வான். அனுராதபுரத்தில் நடப்பது சிங்களத்தில். தன்னுடைய உயிர் சம்பந்தப்பட்ட விசாரணையில் அவன் மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தாய் தகப்பன் போய்வரும் தூரமும் செலவும் வேறு. ஒரு கையெழுத்து ஒரு மனிதனின் வழக்கை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் இதுதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்த அலுவலகம் நம் பக்கம் நின்ற வழக்குகளும் உண்டு. 2010இல் விசுவமடுவில் மீள்குடியேறிய ஒரு பெண் இராணுவத்தினரால் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதாகத் துணிந்து முறைப்பாடு செய்தார். போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்போது அந்த முறைப்பாட்டைச் செய்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார், அரச சட்டவாதிகள் அந்தப் பெண்ணுக்காக நின்றார்கள், 2015 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் இராணுவத்தினர் நால்வருக்குக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தார். 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி அவர்களை விடுவித்தது. முடிவு எதுவாயினும், ஒரு வன்னிப் பெண்ணின் சொல்லை மன்றம்வரை கொண்டுபோன வேலையை அந்தத் திணைக்களம்தான் செய்தது. அங்கே நேர்மையான சட்டவாதிகள் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவன் ஆவேன்.

ஆகவே என்னுடைய முறைப்பாடு ஆட்கள் மீது அல்ல, ஒழுங்கின் மீது. மீண்டும் வட்டுவாகலுக்கு வாருங்கள். வலிந்து காணாமல் ஆக்குதலை 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நாளைக்கு அந்தச் சட்டத்தின்கீழ் யாரையாவது மேல் நீதிமன்றத்தில் குற்றக்கூண்டில் ஏற்றுவதென்றால், குற்றப்பத்திரிகை எழுத வேண்டியவர் யார்? சட்டமா அதிபர். ஆட்கொணர்வு மனுவில் இராணுவத் தளபதிக்காக எழுந்து நின்றது யார்? சட்டமா அதிபரின் ஆட்கள். காலையில் “எங்கள் கட்சிக்காரரிடம் அப்படி யாரும் சரணடையவில்லை” என்று வாதாடுகிற அலுவலகம், பிற்பகலில் அதே கட்சிக்காரர் மீது வழக்குத் தொடுக்கலாமா என்று யோசிக்க வேண்டும். ஒரே மேசையில் இரண்டு கோவைகள். எவ்வளவு நேர்மையான மனிதரை அந்தக் கதிரையில் இருத்தினாலும் இந்தச் சிக்கல் தீராது. தனியார் சட்டத்தரணி ஒருவர் ஒரு காணி வழக்கில் இரண்டு தரப்புக்கும் தோன்றினால் அவருடைய தொழிலே போய்விடும். அரசின் மிகப்பெரிய சட்ட அலுவலகத்துக்கு மட்டும் அதை வழமை என்று விட்டுவைத்திருக்கிறோம்.

அந்த மனுக்கள் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு விசாரணைக்குப் போய், திரும்பி வவுனியாவுக்கு வந்து, 2022 டிசம்பரில்தான் எழிலன் விடயத்தில் கட்டளை கிடைத்தது. அவரை மன்றில் முற்படுத்துமாறு இராணுவத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்பது வருட வழக்கு. ஆட்கொணர்வு மனு என்பது சட்டத்தில் மிக அவசரமான மனு.

முல்லைத்தீவில் இன்னொன்று நடந்தது. குருந்தூர் மலையில் கட்டுமானங்களை நிறுத்துமாறு முல்லைத்தீவு நீதிமன்றம் 2022இல் கட்டளையிட்டது. கட்டளையை மீறிக் கட்டுமானம் தொடர்ந்தது என்று 2023 ஓகஸ்ட் 31ஆம் திகதி நீதிபதி ரி. சரவணராஜா தீர்மானித்தார். அடுத்த மாதமே, உயிர் அச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணமாகக் குறிப்பிட்டுப் பதவி விலகி, நாட்டை விட்டும் வெளியேறினார். கட்டளையை மாற்றும்படி சட்டமா அதிபர் தன்னை அழைத்து அழுத்தம் கொடுத்தார் என்று அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. சட்டமா அதிபர் தரப்பு அதை மறுத்தது. இருவருக்கும் இடையில் என்ன பேசப்பட்டது என்பதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. எல்லோரும் ஏற்றுக்கொள்கிற ஓர் உண்மை போதும். நீதிபதியைத் தனிப்பட்ட முறையில் பிரதிவாதியாக்கி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டிருந்தது. அப்படி வழக்கு வந்தால் அவருக்காகத் தோன்ற வேண்டியது சட்டமா அதிபர் திணைக்களம். நீதிபதி தன் கட்டளையால் தடுத்து நிறுத்திய தொல்பொருள் திணைக்களத்துக்கும் சட்டத்தரணி அதே சட்டமா அதிபர் திணைக்களம். தன் கட்டளையால் பாதிக்கப்பட்ட திணைக்களத்தின் வக்கீலிடமே ஒரு நீதிபதி பாதுகாப்புக் கேட்டுப் போக வேண்டிய ஒழுங்கு இது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது இரண்டாவது கேள்வி. அப்படி ஒரு சந்திப்புக்கே இடம் வைத்திருக்கும் ஒழுங்கு சரியா என்பதுதான் முதலாவது கேள்வி.

இது தமிழர் மட்டும் சொல்லும் குறை அல்ல. 2006இல் பாரிய மனித உரிமை மீறல்கள் பதினாறை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அந்தப் பதினாறில் ஒன்று நம்முடைய வள்ளிபுனத்தில் 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி செஞ்சோலை வளாகத்தில் நடந்த குண்டுவீச்சு. ஆணைக்குழுவைக் கண்காணிக்க வந்த சர்வதேச நிபுணர் குழுவுக்கு இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி. என். பகவதி தலைமை வகித்தார். ஆணைக்குழுவுக்குச் சட்ட உதவி செய்தவர்கள் சட்டமா அதிபர் திணைக்களத்து அதிகாரிகள் என்பதை அந்தக் குழு தொடக்கத்திலேயே ஆட்சேபித்தது. அரசுக்கு ஆலோசனை சொன்ன அலுவலகமே அரசின் செயலை விசாரிப்பதற்கும் துணை நிற்பது முரண் என்றது. ஆட்சேபம் கேட்கப்படவில்லை. குழு 2008இல் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. செஞ்சோலைப் பிள்ளைகளுக்காக இன்றுவரை யாரும் குற்றவாளியாகக் காணப்படவில்லை.

தெற்கிலும் இதே கதைதான். கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் 2008, 2009 காலத்தில் பதினொரு இளைஞர் கடத்தப்பட்ட வழக்கில், முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. 2021 ஓகஸ்டில், அடுத்து வந்த சட்டமா அதிபரின் காலத்தில், அவருக்கு எதிரான வழக்கை நடத்தப்போவதில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஏன் நடத்தவில்லை என்பதைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. கதிரையில் ஆள் மாறினார், வழக்கின் போக்கு மாறியது.

“நம்மவர் ஒருவர் அங்கே இருந்தால் சரியாகிவிடும்” என்று சிலர் சொல்வதுண்டு. இருந்திருக்கிறார்கள். சிவா பசுபதி 1975இலிருந்து 1988 வரை பதின்மூன்று வருடங்கள் சட்டமா அதிபர். பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்ததும் 1983 கறுப்பு யூலையும் அவர் அந்தக் கதிரையில் இருந்த காலத்தில்தான். (ஓய்வுபெற்றுப் பல வருடங்களின் பின், 2003இல், விடுதலைப் புலிகளின் இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபை யோசனையை வரைந்த சட்ட அறிஞர்களிலும் அவர் ஒருவர். ஒரே வாழ்க்கையில் இவ்வளவும்.) போர் உக்கிரமடைந்த காலத்தில், 2007 வரை, கே. சி. கமலசபேசன். 2021 முதல் 2024 வரை சஞ்சய் ராஜரத்தினம். பதவிக்கு வருபவரின் பெயர் தமிழ்ப் பெயரா என்று பார்த்து மகிழ்வதிலும் கவலைப்படுவதிலும் பயன் இல்லை என்பதை இந்த மூன்று பெயர்களும் நமக்குக் காட்டிவிட்டன.

தேவைப்படுவது பிரிவினை. ஆம், அந்தச் சொல்லைத் துணிந்து சொல்கிறேன், அலுவலகத்தைப் பிரிக்கும் பிரிவினை. அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லவும் அதற்காக வாதாடவும் சட்டமா அதிபர் இருக்கட்டும். குற்ற வழக்குத் தொடுப்பதற்கு, அரசாங்கத்தைக் கட்சிக்காரராகக் கொள்ளாத ஒரு சுயாதீன அலுவலகம் வேண்டும். இது இலங்கைக்குப் புதிதும் அல்ல. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் பொது வழக்குத்தொடுநர் பணிப்பாளர் என்ற தனிப் பதவியை உருவாக்கியது. 1977இல் ஆட்சி மாறிய பின் அது ஒழிக்கப்பட்டு, அதிகாரம் முழுவதும் மீண்டும் சட்டமா அதிபரிடம் போனது. 2015இல் ஜெனீவாவில் நிறைவேறிய 30/1 தீர்மானமும் விசேட வழக்குத்தொடுநர் அலுவலகம் பற்றிப் பேசியது, இலங்கையும் அதற்கு இணை அனுசரணை வழங்கியது. 2025இல் சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் பற்றிய பேச்சு அரசாங்க மட்டத்திலும் எழுந்திருக்கிறது. சட்டமா அதிபர் திணைக்களமே ஒரு விடயத்தில் இந்தக் கொள்கையை ஏற்று நடக்கிறது. சித்திரவதைக் குற்றச்சாட்டுள்ள பொலிஸ் அதிகாரிகளுக்காக அடிப்படை உரிமை வழக்குகளில் அது தோன்றுவதில்லை, ஏனென்றால் 1994ஆம் ஆண்டின் சித்திரவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் மீது தானே குற்றப்பத்திரிகை எழுத வேண்டி வரலாம். சித்திரவதைக்குப் பொருந்துகிற நியாயம் காணாமல் ஆக்கப்படுதலுக்கும் பொருந்தும்.

பேச்சு எழுந்திருக்கும் இந்த நேரத்தில் வன்னியின் குரல் அதில் இருக்க வேண்டும். கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்த வருடம் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அந்த எலும்புகள் யாருடையவை, அவர்களைக் கொன்றது யார் என்பது விசாரணையில் தெரியவந்தாலும், அதன்பின் குற்றப்பத்திரிகை ஒன்று எழுதப்பட வேண்டும். அதை எழுதும் கை எந்த அலுவலகத்தின் கை என்பது கொழும்புச் சட்டத்தரணிகளின் வாதப்பொருள் மட்டும் அல்ல, முல்லைத்தீவுத் தாய்மாரின் விடயம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் முதலில் வந்தது, 2023இல் புதிதாக நிறைவேறியது. உங்கள் வழக்கின் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டறியும் உரிமையையும், மன்றில் உங்களுக்காக ஒரு சட்டத்தரணியை வைத்துக்கொள்ளும் உரிமையையும் அது தருகிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சில விதிவிலக்குகளுடன் அந்தத் திணைக்களத்துக்கும் பொருந்தும். “கோவை சட்டமா அதிபரிடம் இருக்கிறது” என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னால், அதோடு திரும்பி வராதீர்கள். எந்தத் திகதியில் அனுப்பினீர்கள், கடித இலக்கம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு கொழும்பு 12, புதுக்கடையில் இருக்கும் சட்டமா அதிபருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு, இந்த அவையில் இருக்கும் உயர்தர மாணவர்களே, நீங்கள் எழுதிக் கொடுங்கள்.